அம்மாவோட தோளுக்கு சென்னையில நல்ல பிசியோ: எங்க தேடறது, எப்படி கண்டுபிடிக்கிறது

உங்க கேள்வியை ஒரு தடவை திருப்பி சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். அம்மாவுக்கு 58 வயசு, ரொம்ப வருஷமா சுகர், வலது தோள் நாலு மாசமா தூக்க முடியல, கொண்டை போட முடியல, முந்தானையை பின்னாடி இழுத்து சொருக முடியல. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பாத்துட்டு ஃப்ரோசன் ஷோல்டர் (தோள் மூட்டோட உறை இறுகிப் போறது)னு சொல்லி சீட்டுல "பிசியோ"ன்னு ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்துட்டார். வேளச்சேரியில வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்ல பத்து சிட்டிங் போயாச்சு, தினமும் கரண்ட் வச்சு சூடு வச்சு அனுப்பறாங்க, ராத்திரி வலி அப்படியே இருக்கு, இப்போ முப்பது சிட்டிங் பேக்கேஜுக்கு மொத்தமா பணம் கட்டச் சொல்றாங்க. கட்டலாமா, இல்ல வேற நல்ல ஆளை எப்படி தேடறதுன்னு கேட்டிருக்கீங்க.

கட்டாதீங்க. அந்த கிளினிக் மோசம்னு நான் சொல்லல, எனக்கு அது எதுன்னே தெரியாது. ஆனா பத்து சிட்டிங்ல அம்மா கை எவ்ளோ தூரம் போகுதுன்னு ஒரு தடவை கூட அளந்து எழுதலைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க, அது ஒண்ணு போதும். நானும் பிசியோதான், ஆஸ்பத்திரியில சம்பளத்துக்கு வேலை பாக்கிறேன், சொந்த கிளினிக் கிடையாது, அதனால என்கிட்ட வாங்கன்னு இழுக்கிற வேலையும் எனக்கில்ல. கொஞ்சம் எங்க ஆளுங்களையே குறை சொல்ற மாதிரி இருக்கும், பரவால்ல.

முதல்ல "நல்ல பிசியோ"ன்னு பொதுவா தேடாதீங்க, "இந்தப் பிரச்சனைக்கு நல்ல பிசியோ"ன்னு தேடுங்க. பி.பி.டி.ங்கறது பிசியோதெரபியில அடிப்படை டிகிரி, இதுவரைக்கும் படிச்சு வந்தவங்க நாலு வருஷம் படிப்பு ஆறு மாசம் இன்டர்ன்ஷிப் முடிச்சிருப்பாங்க. அதுக்கு மேல எம்.பி.டி. ரெண்டு வருஷம், அதுல ஆர்த்தோ (எலும்பு மூட்டு), நியூரோ (நரம்பு), கார்டியோ ரெஸ்பிரேட்டரி (இதயம் நுரையீரல்), ஸ்போர்ட்ஸ், பீடியாட்ரிக்ஸ்னு (குழந்தைகள்) தனித்தனியா பிரியும். பக்கவாதம் வந்தவரை நடக்க வைக்கிறதுல கில்லாடியா இருக்கிற நியூரோ ஆளு உங்க அம்மா தோளுக்கு சுமாரா இருக்கலாம், கிரிக்கெட் பசங்க முழங்காலை பாக்கிற ஸ்போர்ட்ஸ் ஆளுக்கு ஆறு மாசக் குழந்தையோட கழுத்து நிக்கலைன்னா என்ன செய்யணும்னு தெரியாம இருக்கலாம். அம்மாவுக்கு ஆர்த்தோ பக்கம் அனுபவம் உள்ளவங்க வேணும். அதுக்காக எம்.பி.டி. இருந்தாதான் நல்லவங்கன்னு இல்ல, பி.பி.டி. முடிச்சுட்டு பத்து வருஷம் எலும்பு வார்டுல கிடந்த ஆளு நேத்து எம்.பி.டி. முடிச்ச பையனை விட எவ்வளவோ மேல். ஆனா ரெண்டுல ஒண்ணாவது இருக்கணும். ஏதோ ஒரு சர்டிபிகேட் கோர்ஸ் முடிச்சுட்டு "தெரபிஸ்ட்"னு போர்டு போட்டவங்க, மசாஜ் சென்டர், ஜிம் ட்ரெய்னர் இவங்கெல்லாம் பிசியோ இல்ல. என்ன படிச்சீங்க, எந்தக் காலேஜ்னு நேரா கேளுங்க, ஒழுங்கா படிச்சவங்க கோபப்பட மாட்டாங்க.

போர்டுல "டாக்டர்"னு போட்டிருக்கே அப்படின்னு குழம்பாதீங்க. அது எங்க தொழில்ல பெரிய சண்டை. 2025 செப்டம்பர்ல மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் பிசியோக்கள் டாக்டர்னு போடக்கூடாதுன்னு ஒரு லெட்டர் போட்டுட்டு, எதிர்ப்பு வந்ததும் மறுநாளே அதை திரும்ப வாங்கிக்கிட்டாங்க. உங்களுக்கு அந்த சண்டை தேவையில்ல, பேருக்கு முன்னாடி என்ன இருக்குன்னு பாக்காம பேருக்குப் பின்னாடி பி.பி.டி.யோ எம்.பி.டி.யோ இருக்கான்னு பாருங்க. இன்னொண்ணு, பி.எம்.ஆர். டாக்டர்னு ஒரு வகை இருக்கு, அவங்க எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு மறுவாழ்வு மருத்துவத்துல எம்.டி. பண்ணவங்க, மருந்து ஊசி எழுதலாம். பிசியோவும் அவங்களும் வேற வேற.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். நல்ல பிசியோவா இல்லையாங்கறது பெரும்பாலும் முதல் நாளே தெரிஞ்சுடும், எந்த மெஷின் வச்சிருக்காங்கறதுல இல்ல, அன்னிக்கு உங்க அம்மாவை என்ன கேட்டாங்க, என்ன அளந்தாங்கறதுல. முதல் சிட்டிங் குறைஞ்சது அரை மணி நேரம், முக்கா மணி நேரம் கூட போகணும், அதுல பாதி நேரம் பேச்சுதான். எப்போ ஆரம்பிச்சது, கீழ விழுந்தீங்களா, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியுதா, சுகர் எவ்ளோ, கடைசியா மூணு மாச சுகர் சராசரி (எச்.பி.ஏ.1.சி. டெஸ்ட்) எப்போ பாத்தீங்க, தைராய்டு இருக்கா, வீட்டுல என்ன வேலை செய்ய முடியல. சுகரையும் தைராய்டையும் கேக்காம ஃப்ரோசன் ஷோல்டருக்கு வைத்தியம் ஆரம்பிக்கிறவங்க அரைகுறைதான், ஏன்னா சுகர் இருக்கிறவங்களுக்கு இது அதிகமா வரும், பிடிவாதமாவும் இருக்கும், ஒரு தோள் சரியாகி ரெண்டு வருஷம் கழிச்சு அடுத்த தோள்லயும் வரலாம்.

அப்புறம் கையை சோதிக்கிற விதம். அம்மாவை உக்கார வச்சு முழங்கையை மடக்கி விலாவோட ஒட்ட வச்சுக்கிட்டு, முன்கையை மட்டும் கதவு திறக்கிற மாதிரி வெளிப்பக்கம் திருப்பச் சொல்வாங்க. முதல்ல நல்ல கை, அப்புறம் வலிக்கிற கை. நல்ல பக்கம் தாராளமா போகும், ஃப்ரோசன் ஷோல்டர்ல பாதி கூட போகாம நின்னுடும். அதுக்கப்புறம் அவங்களே மெதுவா பிடிச்சு திருப்பிப் பாப்பாங்க, அப்பவும் அதே இடத்துல நின்னா மூட்டை சுத்தியிருக்கிற உறை இறுகியிருக்குன்னு அர்த்தம். அவங்க திருப்பினா போகுது, அம்மாவா திருப்பினாதான் போகலைன்னா அது வேற, தசைநார் கிழிஞ்சிருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற பாதை. மூட்டு தேய்மானத்துலயும் இதே மாதிரி ரெண்டு விதத்துலயும் நிக்கும், அதனாலதான் எக்ஸ்ரேவை கையில வாங்கிப் பாக்கணும். கழுத்தையும் திருப்பிப் பாக்கணும், கழுத்து நரம்புல இருந்து தோளுக்கு வலி வர்றது சாதாரணம். இதெல்லாம் முடிச்சு கோணம் அளக்கிற பிளாஸ்டிக் ஸ்கேலை வச்சு இத்தனை டிகிரின்னு பேப்பர்ல எழுதணும். அந்த நம்பர் இல்லாம முன்னேற்றம் இருக்கா இல்லையான்னு அவங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, "பரவால்ல மா இப்போ நல்லா இருக்கு இல்ல"ன்னு கேட்டு அம்மாவும் மரியாதைக்கு ஆமான்னு தலையாட்டி அப்படியே முப்பது சிட்டிங் ஓடிடும்.

அடுத்தது எவ்ளோ பலமா கை வைக்கிறாங்கன்னு. ஃப்ரோசன் ஷோல்டர்ல முதல் சில மாசம் வலி கட்டம், ராத்திரி தூங்க விடாது. அந்த நேரத்துல "கொஞ்சம் பொறுத்துக்கோங்க மா"ன்னு கையை மேல அமுக்கி உடைக்கிற மாதிரி தூக்கினா பல பேருக்கு வலி கூடத்தான் செய்யும். நெதர்லாந்துல 77 பேரை வச்சு ஒரு ஆய்வு 2004ல வெளியாச்சு, வலி தாண்டி இழுத்து பயிற்சி கொடுத்த கூட்டத்தை விட, வலிக்கு உட்பட்டு மெதுவா அசைக்கச் சொல்லி விட்ட கூட்டம்தான் ரெண்டு வருஷம் கழிச்சு நல்லா இருந்தாங்க, 63 சதவீதத்துக்கு 89 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனா எங்க ஊர்ல தோளை முறிக்கிற வேகத்தைப் பாத்தா அதை எல்லா கிளினிக் செவுத்துலயும் ஒட்டலாம். வலி அடங்கி வெறும் இறுக்கம் மட்டும் இருக்கிற கட்டம் வந்தப்புறம் நல்லா நீட்டி பிடிச்சு இழுக்கலாம், அது வேற. எந்தக் கட்டத்துல இருக்காங்க, அதனால இப்போ இதைத்தான் பண்ணப் போறோம்னு சொல்றவங்கதான் தெரிஞ்ச ஆளு. வலி கட்டத்துல மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போட்டா நிறைய பேருக்கு தூக்கம் வர்ற அளவுக்கு குறையும், பயிற்சியும் சுலபமாகும், "ஒரு தடவை டாக்டர்கிட்ட ஊசி பத்திக் கேளுங்க"ன்னு பிசியோ தானா சொன்னா அவரை விட்டுடாதீங்க, வருமானத்தை விட நோயாளியை யோசிக்கிற ஆளு. ஊசி போட்டா சுகர் சில நாள் எகிறும், அதை முன்கூட்டியே சுகர் டாக்டர்கிட்ட சொல்லி வச்சுக்கணும்.

இனி மெஷின். ஐ.எஃப்.டி., டென்ஸ் (ரெண்டும் கரண்ட் வைக்கிறது), அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் இல்ல, ஒலி அலை வைக்கிறது), ஷார்ட் வேவ் (மின்காந்த அலையால உள்ள சூடு கொடுக்கிறது), மெழுகு, இழுவை, லேசர், கிளினிக் உள்ள போனா கப்போர்டு முழுக்க இருக்கும். ஒத்தடம் கொடுத்தா கொஞ்ச நேரம் இதமா இருக்கும், அந்த இதத்துல பயிற்சி செய்ய வச்சா பிரயோஜனம் உண்டு. வெறும் மெஷினை மாட்டி விட்டுட்டு பிசியோ அடுத்த கட்டிலுக்குப் போயிட்டா அது வைத்தியம் இல்ல, காத்திருப்பு அறை. முதுகுவலிக்கு இங்கிலாந்துல மருத்துவ வழிகாட்டுதல் போடற நைஸ் அமைப்பு 2016ல கொடுத்த வழிகாட்டுதல்ல அல்ட்ராசவுண்ட், டென்ஸ், ஐ.எஃப்.டி., இழுவை எதையும் கொடுக்காதீங்கன்னே எழுதியிருக்கு, உடற்பயிற்சியைத்தான் முன்னாடி வைக்கச் சொல்லுது. நம்ம ஊர்ல அதிகமா மெஷின் மாட்டறது அந்த முதுகுவலிக்குத்தான். ஏன்னா ஒரு பிசியோ ஒரே நேரத்துல ஆறு கட்டிலுக்கு மெஷின் மாட்டலாம், ஆனா ஒருத்தருக்குத்தான் பயிற்சி சொல்லித்தர முடியும். கணக்கு அவ்வளவுதான். நியாயமா சொல்லணும்னா நோயாளிகளும் ஒரு காரணம், "மெஷினே வைக்கல, கையை ஆட்டச் சொல்லிட்டு காசு வாங்கிட்டான்"னு திட்டறவங்க எத்தனையோ பேர்.

சுகர் இருக்கிறதால இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. ரொம்ப நாள் சுகர்னா தோல்ல உணர்ச்சி குறைஞ்சிருக்கும், முக்கியமா கால்ல, சூடு வச்சா தெரியாமலே வெந்துடும். அதனால சூடு வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கண்ணாடிக் குழாய்ல ஒண்ணுல சுடுதண்ணி ஒண்ணுல பச்சத்தண்ணி வச்சு, கண்ணை மூடச் சொல்லி எது சூடுன்னு கேட்டுப் பாக்கணும். இது முதல் வருஷ பாடம், ஆனா பண்றவங்க கம்மி. பேஸ்மேக்கர் இருக்கிறவங்களுக்கு ஷார்ட் வேவ் கூடவே கூடாது, உடம்புல பிளேட் ஸ்க்ரூ இருக்கிற இடத்துலயும் கூடாது. இதை எதுவும் கேக்காம ஸ்விட்சை போடற இடத்துல இருந்து எழுந்து வந்துடுங்க.

சரி, சென்னையில எங்க தேடறது. முதல் வழி, உங்க எலும்பு டாக்டர்கிட்டயே போய் "யாராவது ஒருத்தரை சொல்லுங்க, ஏன் அவரைன்னும் சொல்லுங்க"ன்னு கேளுங்க. சில இடத்துல கமிஷனுக்காக அனுப்பறதும் நடக்கும், நடக்காதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா தோள் ஆபரேஷன் நிறைய பண்ற டாக்டருக்கு எந்த பிசியோ கிட்ட போனா தன் ஆபரேஷன் கெடாதுன்னு நல்லா தெரியும், அவருக்கே அதுல பேர் போகும். ரெண்டாவது, ஏற்கனவே இதே பிரச்சனையில இருந்து வந்தவங்க. "என் மூட்டு ஆபரேஷனுக்கு அவர்தான் பாத்தார், இப்போ மாடி ஏறறேன்"னு சொல்ற பக்கத்து ஃபிளாட் ஆண்ட்டி கூகிள்ல இருக்கிற ஐநூறு ஸ்டாரை விட நம்பகம். கூகிள் ரிவ்யூ படிச்சா ஸ்டாரை விட்டுட்டு, அதுல "என்ன பயிற்சி கொடுத்தாங்க, எத்தனை வாரத்துல என்ன செய்ய முடிஞ்சது"ன்னு எழுதியிருக்கான்னு பாருங்க, "சூப்பர் ஆம்பியன்ஸ், ஃப்ரெண்ட்லி ஸ்டாஃப்"னு இருக்கிறதெல்லாம் ஹோட்டலுக்கு.

மூணாவதா, பலரும் யோசிக்காதது, பிசியோ காலேஜ் நடத்தற மருத்துவப் பல்கலைக்கழகங்களோட ஓ.பி. போரூர் ராமச்சந்திரா மாதிரி இடங்கள்ல துறை துறையா பிரிச்சு வச்சிருப்பாங்க, எம்.பி.டி. படிக்கிற பசங்க பாப்பாங்க, பின்னாடி சீனியர் நிப்பாங்க, மாணவங்களுக்கு மார்க் இருக்கிறதால அளக்கிறது எழுதறதெல்லாம் ஒழுங்கா நடக்கும். குறை என்னன்னா சில மாசத்துக்கு ஒரு தடவை ஆளு மாறுவாங்க, காத்திருக்கணும், வேளச்சேரியில இருந்து போரூர் வாரம் மூணு தடவைன்னா அம்மா ரெண்டாவது வாரமே வரமாட்டேன்னு சொல்லிடுவாங்க. அதனால நான் சொல்றது, அங்க ஒரு தடவை போய் முழுசா சோதிச்சு திட்டம் போட்டு வாங்கிக்கோங்க, தினசரிக்கு வீட்டுல இருந்து பத்து நிமிஷ தூரத்துல ஒருத்தரைப் பிடிங்க, மாசத்துக்கு ஒரு தடவை அங்க போய் காட்டுங்க.

காசு கஷ்டம்னா அரசு பக்கம் தயங்காம போங்க. கே.கே.நகர்ல அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு, கை கால் இழந்தவங்க, முதுகுத்தண்டு அடிபட்டவங்கன்னு கடினமான கேஸெல்லாம் அங்கதான் போகும், சென்ட்ரல் எதிர்ல ஜி.ஹெச்.லயும் பிசியோ உண்டு. கூட்டம் இருக்கும், காலையிலயே போகணும். படுக்கையில இருக்கிற பெரியவங்களுக்கு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோ வீட்டுக்கே வருவாங்க, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டு பேர் கொடுக்கணும். குழந்தைகளுக்கு வளர்ச்சி சம்பந்தமான பிரச்சனைன்னா ஈ.சி.ஆர். முட்டுக்காட்டுல மத்திய அரசோட நிறுவனம் ஒண்ணு இருக்கு, அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

வீட்டுக்கு வர்ற பிசியோ பத்தி கேட்டிருந்தீங்க. ஸ்ட்ரோக், இடுப்பு எலும்பு ஆபரேஷன், முழங்கால் மாத்தின முதல் ரெண்டு மூணு வாரம், இதுக்கெல்லாம் வீட்டு விசிட் அருமையான விஷயம், பாத்ரூம் உயரம் படிக்கட்டு எல்லாத்தையும் நேர்ல பாத்து சொல்வாங்க. உங்க அம்மா நடமாடறவங்க, ஆட்டோவுல போயிட்டு வரலாம், அதனால தேவையில்ல. ஆப்புல புக் பண்ணா ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளு வர்ற வாய்ப்பு அதிகம், அப்படி எடுத்தா ஒரே ஆளுதான் வரணும்னு முதல்லயே பேசிடுங்க. ஸ்ட்ரோக் கேஸ் யார் வீட்டுலயாவது இருந்தா ஒண்ணு மட்டும், விழுந்து போன கையை பிடிச்சு இழுத்து தூக்கறது, மேல கப்பி கட்டி கயிறு இழுக்க விடறது ரெண்டையும் பாத்தீங்கன்னா நிறுத்தச் சொல்லுங்க, அந்தத் தோள் தளர்ந்து கிடக்கும், அப்படி இழுத்தா வலி நிரந்தரமா தங்கிடும்.

பணம் விஷயம். சிட்டிங்குக்கு எவ்ளோங்கறது ஏரியாவைப் பொறுத்து ரொம்ப மாறும், அதனால ஒரு தொகை சொல்லி உங்களை குழப்பல. ஆனா பேசற விதம் இருக்கு. "நாலு சிட்டிங்குக்கு தனித்தனியா கொடுக்கறேன், நாலு முடிஞ்சதும் திருப்பி அளந்து பாப்போம், நம்பர் ஏறியிருந்தா தொடர்வோம்"னு சொல்லுங்க. தன் வேலை மேல நம்பிக்கை உள்ளவங்க ஒத்துப்பாங்க. "இன்னிக்கே கட்டினா இருபது பர்சென்ட் ஆஃப்"னா அது வேற வியாபாரம். ஹெல்த் இன்ஷூரன்ஸை ரொம்ப நம்பாதீங்க, அட்மிஷன் இல்லாம ஓ.பி.யில பாக்கிற பிசியோவுக்கு பெரும்பாலான பாலிசி காசு தராது, ஆபரேஷன் முடிஞ்சு டிஸ்சார்ஜ் ஆனப்புறம் பாலிசியில போட்ட 60 நாளோ 90 நாளோ அதுக்குள்ள டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தா வரலாம், பில்லையும் சீட்டையும் பத்திரமா வைங்க.

ரீல்ஸ் பாத்துட்டு கழுத்துல "டக்"னு நெட்டி எடுக்கிற இடத்துக்கு அம்மாவை கூட்டிட்டுப் போற யோசனை இருந்தா வேணாம். சத்தம் வந்ததுக்கும் சரியானதுக்கும் சம்பந்தம் இல்ல, கழுத்தை வேகமா திருப்பறதுல அபூர்வமா ரத்தக்குழாய் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வந்த கேஸ் உண்டு. அதே மாதிரி எண்ணெய் போட்டு உருவி விடறது, ஃப்ரோசன் ஷோல்டருக்கு பெருசா கெடுதல் இல்ல, ஆனா முழங்கை எலும்பு முறிஞ்சு கட்டு பிரிச்ச பசங்களுக்கு உருவி இழுத்தா தசைக்குள்ள எலும்பு வளர்ந்து முழங்கை அப்படியே கட்டையாயிடும், இதை நான் அடிக்கடி பாக்கிறேன், பாவம் பத்து வயசுப் பசங்க.

புது இடத்துக்கு போன் பண்ணும்போது இதை மட்டும் கேளுங்க: முதல் நாள் எவ்ளோ நேரம் பாப்பீங்க, தினமும் நீங்களே பாப்பீங்களா இல்ல அசிஸ்டென்டா, ஃப்ரோசன் ஷோல்டர் அதிகமா பாக்கறதுண்டா, வீட்டுல செய்ய என்ன கொடுப்பீங்க. கடைசி கேள்விக்கு வர்ற பதில்ல நிறைய தெரியும். வாரத்துல மூணு மணி நேரம்தான் அவங்க கையில, மீதி நேரமெல்லாம் அம்மா கையிலதான், அதனால மூணோ நாலோ பயிற்சி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எவ்ளோ வலி வரைக்கும் போகலாம்னு எழுதிக் கொடுக்கணும், அம்மா செய்யறதை உங்க போன்லயே வீடியோ எடுத்துத் தரணும். பதினஞ்சு பயிற்சி பிரிண்ட் போட்ட ஜெராக்ஸ் பேப்பரைக் கொடுத்தா யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க.

எதிர்பார்ப்பையும் சரியா வச்சுக்கோங்க. இது ஒரு மாசத்துல போற நோய் இல்ல, வருஷம் ஒண்ணு, சில பேருக்கு ரெண்டு மூணு வருஷம் கூட இழுக்கும், பத்து நாள்ல கையை மேல தூக்க வைக்கிறேன்னு சொல்றவரை நம்பாதீங்க. முதல்ல ராத்திரி தூக்கம் திரும்பும், அப்புறம்தான் கோணம் ஏறும், கை முதுகுக்குப் பின்னாடி போறது கடைசியா வரும். ஆறு வாரம் ஒழுங்கா செஞ்சும் தூக்கமும் வரல நம்பரும் அசையலைன்னா பிசியோவை மாத்தறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க. இடையில காய்ச்சல், காரணமில்லாம எடை குறையறது, கை மரத்துப் போய் பிடிமானம் நழுவறது, நெஞ்சோட சேர்ந்து இடது தோள்ல வலி, இதுல எது வந்தாலும் பிசியோ கிளினிக் வாசல்ல நிக்காம நேரா ஆஸ்பத்திரி. அப்புறம் இந்த வாரமே அம்மாவோட மூணு மாச சுகர் சராசரியை எடுத்துடுங்க, புது பிசியோ யாரா இருந்தாலும் ஊசி போடற டாக்டர் யாரா இருந்தாலும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க.